கியோட்டோவில் கடைசி நாள், இரவு விமானம். வயதான அம்மா, இரண்டு பிள்ளைகளோடு அரஷியாமா, கின்காகுஜி, ஃபுஷிமி இனாரி மூன்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, சாப்பாட்டை மறந்து, யாரும் பாத்ரூம் கேட்காமல் இருந்தால் முடியும். ஆனால் உங்கள் அம்மா அதன்பிறகு உங்களோடு எங்கேயும் வர மாட்டார்.

மேப்பை ஒரு தடவை விரித்துப் பாருங்கள். மூங்கில் காடு இருக்கும் அரஷியாமா ஊரின் மேற்குக் கோடி. தங்கக் கோயில் என்கிற கின்காகுஜி வடமேற்கு. சிவப்பு வளைவுகள் இருக்கும் இனாரி கோயில் தெற்கே. கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து கின்காகுஜிக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும், சீசனில் நின்றுகொண்டே போக வேண்டும். அந்த ஊர் பஸ்ஸில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் டிரைவர் பக்கத்தில் காசு போட வேண்டும், பெரியவர்களுக்கு 230 யென். அதாவது வயதானவர் பின்னால் ஏறிக் கூட்டத்தை நீந்தி முன்னால் வந்து சேர வேண்டும். உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி இருக்கும் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை?

நாங்கள் போனது டிசம்பர் ஆரம்பத்தில். நான், கணவர், பிள்ளைகள் இரண்டு பேர், என் மாமியார். அத்தைக்கு அப்போது 76 வயது. கடைசி நாளுக்கு என் கணவர் போட்டு வைத்திருந்த பட்டியலும் கிட்டத்தட்ட உங்களுடையதுதான். நான்தான் ஒரே வரியில் அடித்தேன்: ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தைத் தாண்டி இன்றைக்கு எதுவும் கிடையாது. பெட்டிகளை ஓட்டல் கவுன்ட்டரிலேயே போட்டுவிட்டோம், ரூமைக் காலி செய்த பிறகும் சாயங்காலம் வரை வைத்துக்கொள்வார்கள். ஸ்டேஷன் லாக்கரை நம்பிப் போகாதீர்கள், பெரிய லாக்கர்களெல்லாம் காலையிலேயே நிறைந்துவிடும்.

போனது சான்ஜூசான்கென்டோ என்ற பௌத்தக் கோயில். ஸ்டேஷனிலிருந்து கிழக்கே சுமார் இருபது நிமிட நடை. அத்தைக்காக டாக்சி வைத்தோம். டாக்சிக்குச் செலவழித்ததை இங்கே குறை சொல்ல வருகிறவர்கள் முதலில் ஒரு வயதானவரைக் கூட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில் போய்விட்டு வரட்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் நீளமான ஒரு மர மண்டபம், அவ்வளவுதான். 120 மீட்டர் நீளம். 1164-இல் கட்டி, 1249-இல் தீயில் போய், 1266-இல் திரும்பக் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். டிசம்பரில் அந்த மரத்தரை சில்லென்று உள்ளங்காலில் ஏறும், அத்தை இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டார். ஒரு மூலை திரும்பினால் ஆள் உயரத்தில், பொன் பூசிய மரச்சிலைகள், படிப்படியாகப் பத்து வரிசை. ஆயிரம் கை கண்ணோன் ஆயிரம் பேர். கண்ணோன் என்பது பௌத்தர்களின் கருணைத் தெய்வமான நம் அவலோகிதேசுவரர்தான். நடுவில் பெரிதாக உட்கார்ந்த ஒன்று, அதைச் சேர்த்தால் 1001. அந்த நடுச்சிலையைத் தன்கெய் என்ற சிற்பி 1254-இல் முடித்தபோது அவருக்கு 82 வயது. இதை என் கணவர் படித்துச் சொன்னதும் அத்தை, "பாத்தியா, 82 வயசுல என்ன வேலை பண்ணியிருக்கார், நீ 48-ல முதுகு வலிங்கறே" என்றார். இருட்டில் அந்தக் கைகளெல்லாம் சேர்ந்து ஒரு முட்புதர் மாதிரி தெரியும், அப்புறம் கண் பழகப் பழக ஒவ்வொரு முகமும் தனியாக விலகி வரும். ஒன்றைப் போல ஒன்று இல்லை. நாம் பார்க்க ஆசைப்படுகிறவர் முகம் அதில் எங்காவது இருக்கும் என்று அங்கே சொல்வார்களாம். அத்தை தேடினாரா என்று நான் கேட்கவில்லை.

நான் இந்தப் பதிலை எழுதுவதே அடுத்து வருவதற்காகத்தான். அந்த ஆயிரம் பேருக்கும் முன்னால் 28 காவல் தெய்வங்கள் நிற்கின்றன. இரண்டு கோடியிலும் மேகத்தின்மேல் காற்று தேவனும் இடி தேவனும். காற்று தேவன் தோளில் மூட்டை, இடி தேவன் முதுகைச் சுற்றி வளையமாக உடுக்கைகள் போலச் சின்னச் சின்ன மேளங்கள். நடுவில் இந்திரன், பிரம்மா, அசுரன், கின்னரன் எல்லாரும் ஜப்பானிய உடையில் இருக்கிறார்கள். அத்தை ஸ்ரீரங்கத்துக்காரர். கருட மண்டபத்தில் அந்தப் பிரம்மாண்டமான கருடாழ்வாரைப் பார்த்தே வளர்ந்தவர். இங்கே அலகும் இறக்கையுமாக ஒருவர் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிட்டார். அந்தக் கருடன் கையில் புல்லாங்குழல், வாசித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏம்மா, இது பெரிய திருவடிதானே? இவர் எதுக்குக் குழல் ஊதறார்? அது பெருமாள் சமாசாரமாச்சே!"

பையன் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். அத்தை விடவில்லை. இன்னும் சற்றுத் தள்ளி, எலும்பும் தோலுமாகத் தடி ஊன்றி நிற்கும் வசு முனிவர். அவரைப் பார்த்து, "இவர் நம்ம ஊர் தாத்தா, ரேஷன் கடை வரிசைல நிக்கறார்" என்று தீர்ப்பு. கைகூப்பிய ஒரு கிழவி சிலையின் முன்னால் மட்டும் எதுவும் சொல்லாமல் ரொம்ப நேரம் நின்றார்.

பௌத்தக் கோயிலை நம் கோயில் என்று உரிமை கொண்டாடுகிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இந்தத் தெய்வங்கள் பௌத்தத்தோடு சீனா, கொரியா வழியாக அங்கே போய், அந்த ஊர்க்காரர்களாகவே மாறி எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. எனக்கு அது தெரியும். தமிழர்தான் ஜப்பானுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தார் என்று ஃபார்வர்டு போடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் ஊரெல்லாம் சுற்றி, புரியாத கோயில்களில் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று மரியாதைக்குச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு பெண்மணி, கடைசி நாளில்தான் முதல்முறையாக எங்களுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சிலையாக "இது யார், இது யார்" என்று கேட்டுக்கொண்டே போனாள். ஒன்றரை மணி நேரம். அரஷியாமா மூங்கில் காட்டில் இது கிடைத்திருக்குமா?

பையனுக்குப் பிடித்தது பின்பக்கத் தாழ்வாரம். அந்த 120 மீட்டரையும் அம்பால் கடக்கிற போட்டி அங்கே முன்பு நடந்திருக்கிறது. 1686-இல் வாசா தாய்ஹாச்சிரோ என்ற வீரர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 13,053 அம்பு விட்டு, அதில் 8,133-ஐ அந்தக் கோடிக்குச் சேர்த்தாராம். பையன் உடனே போனில் கணக்குப் போட்டு, நிமிடத்துக்கு ஒன்பது அம்பு, கை கழண்டிருக்கும் என்றான். பதின்ம வயசுப் பையன் ஒரு கோயிலில் தானாகக் கணக்குப் போட்டதே எனக்கு லாபம்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது. கண்டிப்பு என்றால் கண்டிப்பு. அதனால் எங்களிடம் அந்த இடத்தின் ஒரு படமும் கிடையாது. வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்பில் போட எதுவும் இல்லாததால் நாங்கள் அன்றைக்கு ஓட்டலிலேயே தூங்கிவிட்டோம் என்று பேச்சு. எனக்கென்னவோ அந்தத் தடை ரொம்பப் பிடித்தது. நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் இதே தடையை யாராவது கொண்டுவந்தால் அவருக்கே என் ஓட்டு. போன தையில் ஒரு நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் மணமக்களுக்கு முன்னால் வரிசையாகக் கேமராக்காரர்கள் முதுகு, மேலே ஒரு கிரேன், "சார், தாலியை அப்படியே தூக்கிப் பிடிங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்று அதிகாரம். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு அவர்களுக்காகக் காத்திருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பாட்டி, பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதை மூலையில் மாட்டியிருந்த திரையில்தான் பார்த்தார். நாங்கள் போட்ட அட்சதை முழுக்க ஒரு வீடியோக்காரர் சட்டையில். சரி, இது நீங்கள் கேட்டதில்லை, விடுங்கள்.

என் ஓரகத்தி மட்டும் இன்னும் விடவில்லை. எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "அவ்வளவு தூரம் போயிட்டு அந்தத் தங்கக் கோயிலைப் பாக்காமயா வந்தீங்க?" கின்காகுஜி அழகில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. குளத்தில் அதன் நிழல் விழுகிற படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் பழைய கட்டடம் 1950-இல் ஒரு இளம் துறவி வைத்த தீயில் போய்விட்டது, இப்போது இருப்பது 1955-இல் கட்டியது. என் மாமியார் அதைவிட மூத்தவர். இதை ஒருதடவை பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அதிலிருந்து ஓரகத்தி என்னிடம் நேராகக் கேட்பதில்லை, என் கணவரிடம் கேட்கிறார்.

சாப்பாடு. நாங்கள் சைவம். "சைவம்னா ஜப்பானுக்கு ஏன் போறீங்க" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. காய்கறி சூப் என்று கொடுப்பதிலும் காய்ந்த மீனை ஊறவைத்த சாறு இருக்கும் என்பதை அந்த வாரம் முழுக்கப் பார்த்தாகிவிட்டது. கடைசி நாள் அந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று, சூடு பண்ணிச் சாப்பிடும் வெறும் சாதப் பாக்கெட்டும் இனிப்பில்லாத தயிரும் வாங்கி, ஓட்டலைக் காலி செய்யும் முன் பிசைந்து டப்பாவில் எடுத்துக்கொண்டோம். அத்தையின் மாவடு ஊரிலிருந்தே வந்திருந்தது. கோயிலிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் காமோ ஆறு. கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஒரே எச்சரிக்கை, மேலே பருந்து சுற்றும், கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகும். பையன் கையிலிருந்த பன்னை அப்படித்தான் தூக்கிப் போனது, விரலில் நகம்கூடப் படவில்லை. அவன் அலறினான், அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். தயிர்சாதத்தை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குப்பைக்கு ஒரு பை எடுத்துப் போங்கள், தொட்டி கண்ணில் படாது.

இதற்குப் பிறகும் நேரம் இருந்தால் ஸ்டேஷனுக்குத் தென்மேற்கே தோஜி கோயில். நடக்கிற தூரம்தான். ஐந்தடுக்கு மரக் கோபுரம், சுமார் 55 மீட்டர், ஜப்பானில் அதைவிட உயரமான பழைய மரக் கோபுரம் இல்லை. அங்கே பிரசங்க மண்டபத்தில் அன்னங்களின் மேல் பிரம்மாவும் யானைமேல் இந்திரனும் இருக்கிறார்கள். உங்கள் அம்மா எங்கள் அத்தை மாதிரி என்றால் அங்கே இன்னொரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிள்ளைகள் இனாரி பார்த்தே ஆக வேண்டும் என்று அழுதால், அது ஒன்றை மட்டும் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து நாரா போகும் ஜே.ஆர். சாதாரண ரயிலில் இரண்டாவது நிறுத்தம், ஐந்து நிமிடம், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. வரிசையாகச் சிவப்பு வளைவுகள் நெருங்கி நிற்கும் இடம் வரை போய்விட்டுத் திரும்பிவிடுங்கள். மலையை முழுதாகச் சுற்ற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அம்மாவைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறினால் திட்டு உங்களுக்குத்தான்.

சான்ஜூசான்கென்டோ குளிர்காலத்தில், அதாவது நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை, ஒன்பது மணிக்குத் திறந்து நான்குக்கு மூடிவிடுவார்கள். மூடுவதற்கு அரை மணி முன்பே டிக்கெட் நின்றுவிடும். மற்ற மாதங்களில் எட்டரை முதல் ஐந்து. விமான நிலையத்துக்கு ஹருகா ரயிலில் கிட்டத்தட்ட எண்பது நிமிடம். ஊருக்கு வாங்கிப் போக யாட்சுஹாஷி இருக்கிறது, அரிசி மாவும் பட்டையும் போட்ட இனிப்பு, ஸ்டேஷனிலேயே கிடைக்கும். மெத்தென்று இருப்பது சில நாளில் கெட்டுவிடும், சொந்தக்காரர்களுக்கு மொறுமொறுப்பாகச் சுட்டதை வாங்குங்கள்.