அப்பா கேட்டது முட்டிவலிக்கு மட்டும்தான்

“நாம் பார்ப்பதைத்தானே அல்காரிதம் திரும்பக் காட்டுகிறது, அப்புறம் ஏன் அதைக் குறை சொல்கிறீர்கள்?” என்று, போனில் நமக்கு அடுத்து எதைக் காட்டலாம் என்று முடிவு செய்யும் நிரலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் வரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் அப்பா முட்டிவலிக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்றுதான் போனில் தேடினார். முதலில் பயிற்சி வீடியோக்கள் வந்தன, அப்புறம் மூலிகை எண்ணெய், அப்புறம் கஷாயம், நாலைந்து மாதத்தில் “சர்க்கரை என்று ஒரு நோயே கிடையாது, எல்லாம் மாத்திரை கம்பெனிகளின் சதி” என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அப்பா வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், சர்க்கரை 420. அவர் விவரம் தெரியாதவர் இல்லை, முப்பது வருடம் கணக்குப் புத்தகங்களில் தப்பு கண்டுபிடித்தவர். ஒரே பொய்யை இருபது முகங்கள் தினமும் வந்து சொன்னால் யாருக்குத்தான் அது உண்மையாகத் தெரியாது?

அதில் எதையும் அவர் கேட்கவில்லை. நமக்கு என்ன வேண்டும் என்பது அல்காரிதத்துக்குத் தெரியாது. விரல் எங்கே நின்றது, எவ்வளவு நேரம் பார்த்தோம், பகிர்ந்தோமா, கமெண்டில் போய்ச் சண்டை போட்டோமா என்பதுதான் தெரியும். பிடித்துப் பார்த்தாலும் பயந்து பார்த்தாலும் அதற்கு ஒரே கணக்கு. 2017-ல் ஃபேஸ்புக், எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணக்கிடும்போது, கோப முகம் உட்பட எமோஜிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு வைத்தது. கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்க 2020 ஆகிவிட்டது. இது அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் 2021-ல் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் தெரிந்தது. கமெண்டும் பகிர்வும் அதிகம் வரும் பதிவுகளை மேலே தள்ள ஆரம்பித்த பிறகு, எதிராளியைத் தாக்கி எழுதினால்தான் எங்கள் பதிவு யார் கண்ணிலாவது படுகிறது என்று ஐரோப்பாவில் சில கட்சிகளே முறையிட்டன என்பதும் அவற்றில் இருக்கிறது.

ஒரு வீட்டில் நடந்தால் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவதோடு போய்விடும். ஊருக்கே நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் கிடந்த மாவுக்கட்டியை, சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை என்று சொல்லிக் கடைக்காரரை மிரட்டி வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். ஆளை நிரந்தரமாக மலடாக்க அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் கிடையாது. ஆனாலும் அன்று பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரமே கண்டி பக்கம் திகன, தெல்தெனியவில் ஒரு சாலைத் தகராறில் சில முஸ்லிம் இளைஞர்களிடம் அடிவாங்கிய சிங்கள லாரி ஓட்டுநர் இறந்துபோக, முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசு அவசரநிலை அறிவித்து ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. இந்த வெறுப்பை அல்காரிதம் புதிதாக உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை, அது முன்பே இருந்ததுதான். ஆனால் சிங்களத்தில் எழுதுவதைப் படித்து நீக்கப் போதிய ஆட்களை வைக்காமல், அதிகம் பேர் கமெண்ட் போடுவதை மேலே தூக்கிக் காட்டும் இயந்திரத்தை மட்டும் அங்கே ஓடவிட்டது பெரிய குற்றம். 2020-ல்தான் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்காரருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து பெரிய தளங்கள் எல்லாம், நம்மைக் கண்காணித்துப் பரிந்துரைக்காத ஒரு பக்கத்தையும் கட்டாயம் தரவேண்டும். அந்தச் சட்டம் இங்கேயும் வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும்.

அப்பாவின் போனில் பார்த்தவற்றின் பட்டியலை அழித்து, இனி சேமிக்காதபடி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்த செட்டிங் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவருக்கு வயது 68.