ஆன்ட்டிவைரஸ் அப்டேட் ஆக மாட்டேன் என்கிறதா? வாசகர் கேள்வி-பதில்

மழை தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான்: “அப்டேட் ஃபெயில் என்று சிவப்பாகக் காட்டுகிறது, வேறு ஆன்ட்டிவைரஸ் வாங்கிவிடலாமா?” கொஞ்சம் பொறுங்கள். நான் பார்க்கும் மெஷின்களில் ஆன்ட்டிவைரஸே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். அதைச் சுற்றியிருக்கும் கடிகாரமோ, நெட்டோ, டிஸ்க்கோ, பழைய மிச்சம் மீதியோதான் மக்கர் செய்யும். பணத்தை எடுக்கும் முன் உங்கள் சிக்கல் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, வீட்டு டெஸ்க்டாப் ஆறேழு வருஷப் பழசு. கொஞ்ச நாளாக ஆன்ட்டிவைரஸ் “சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை” என்கிறது. நெட் இருக்கிறது. ஆனால் பேங்க் சைட்டைத் திறந்தாலும் “இணைப்பு பாதுகாப்பானது அல்ல” என்று வருகிறது. ரவுட்டரை மாற்ற வேண்டுமா? (வாசகர், சேரன்மகாதேவி)

ரவுட்டர் பாவம், அதை விடுங்கள். திரையின் வலது கீழ் மூலையில் தேதி என்னவென்று பாருங்கள். நான் நினைப்பது சரியென்றால் அங்கே ஏதோ ஒரு பழைய ஜனவரி 1 இருக்கும்.

அப்டேட் சர்வரோ பேங்க் சைட்டோ, உங்கள் கம்ப்யூட்டரிடம் முதலில் ஒரு சான்றிதழைக் காட்டும். அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் பழைய வருஷத்தில் உட்கார்ந்திருந்தால், இன்னும் பிறக்காத பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டில் இருப்பதைப் போல அதற்குத் தோன்றும். நம்ப மாட்டேன் என்று கதவைச் சாத்திவிடும். அது சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

தேதி ஏன் பின்னால் போகிறது? மதர்போர்டில் வட்டமாக ஒரு செல் இருக்கும், சி.ஆர். 2032 என்று அச்சடித்திருக்கும். 3 வோல்ட் செல் அது; 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் அந்தக் கரண்டிலேயே ஓடிவிடும், செல்லுக்கு வேலை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவைப்பது நம் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம்தான், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அப்போது கடிகாரம் முழுக்க அந்தச் செல்லை நம்பித்தான் ஓடும். ஆறேழு வருஷச் செல் என்றால் ஒரே இரவில் படுத்துவிடும். மழைக்காலத்தில் இந்தப் புகார் கூடுவதற்கு இதுதான் காரணம்.

மாற்றுவது எளிது. ஷட் டவுன் செய்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திவிடுங்கள். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, செல்லின் ஓரத்திலுள்ள சிறு கிளிப்பை நகத்தால் தள்ளினால் செல் மேலே எம்பும். புதிய செல்லை எழுத்தும் கூட்டல் குறியும் மேலே தெரியும்படி வையுங்கள். வாட்ச் கடையில்கூட இந்தச் செல் கிடைக்கும். முதல் தடவை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் நின்று எஃப்1 அழுத்தச் சொல்லலாம், பயப்பட வேண்டாம். விண்டோஸ் வந்ததும் தேதியைக் கையால் சரிசெய்துவிட்டு, அப்புறம் அதே தேதி-நேர செட்டிங்ஸில் ‘சிங்க் நவ்’ கொடுங்கள். கடிகாரம் ரொம்பப் பின்னால் போயிருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்த மறுக்கும், அதனால்தான் முதலில் கை வைக்கச் சொல்கிறேன். டைம் ஸோன் சென்னை, கொல்கத்தா, மும்பை என்ற 5:30 வரிசையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

லேப்டாப் என்றால் நீங்களே திறக்காதீர்கள். பல மாடல்களில் அந்தச் செல் ஒயரோடு உள்ளே ஒட்டியிருக்கும்.

வீட்டிலிருந்தே அப்பளம் போட்டு அனுப்புகிறோம், கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில்தான். கடைக்காரர் போட்டுத் தந்த ஆன்ட்டிவைரஸுக்கு லைசென்ஸ் முடிந்துவிட்டது. தம்பி இலவசமாக இன்னொன்று போட்டுக் கொடுத்தான். இப்போது இரண்டுமே அப்டேட் ஆகவில்லை, சிஸ்டமும் நகரவில்லை. (வாசகி, கல்லிடைக்குறிச்சி)

தம்பி நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார், ஆனால் ஒரு கம்ப்யூட்டரில் ஒன்றுதான் இருக்க வேண்டும் அம்மா. இரண்டும் ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும்போதே மறித்துப் பார்க்கும். ஒன்று இறக்கிவைக்கும் அப்டேட்டையே மற்றது பிடித்துவைத்துக்கொள்வதும் உண்டு.

முதலில் கணக்கு ஃபைல்களை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் போய் இரண்டையும் ஒவ்வொன்றாக நீக்குங்கள், ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஐகானை டெலீட் செய்வது நீக்குவது ஆகாது. அப்படி நீக்கிய பிறகும் சில சமயம் மிச்சம் இருக்கும். பெரிய கம்பெனிகள் எல்லாம் தங்கள் மென்பொருளைத் துடைத்தெடுக்கத் தனியாக ஒரு ‘ரிமூவல் டூல்’ வைத்திருக்கின்றன; அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் அதை எடுங்கள்.

எல்லாம் போனதும் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஆன்ட்டிவைரஸான டிபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். வேறு ஆன்ட்டிவைரஸ் இருக்கும்வரை அது ஒதுங்கி நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். உங்கள் அளவு வேலைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் கணக்கை வாரம் ஒரு தடவை நகலெடுக்க ஒரு நல்ல ஹார்டு டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரில் ஃபைபர் கிடையாது, செல்போன் ஹாட்ஸ்பாட்தான். டேட்டா தீரக் கூடாது என்று கடைப் பையன் ஏதோ ஆஃப் செய்து கொடுத்தான். அதிலிருந்து டிபெண்டர் அப்டேட் ஆகவில்லை, 80070422 என்று ஒரு எண் வருகிறது. (வாசகர், ராதாபுரம் பக்கம்)

அந்த எண்ணே பதிலைச் சொல்லிவிடுகிறது: தேவையான சர்வீஸ் முடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பையன் ‘விண்டோஸ் அப்டேட்’ சர்வீஸையே நிறுத்தியிருக்கிறார். டிபெண்டரின் அப்டேட் வழக்கமாக அந்த வழியாகத்தான் வரும். ஸ்டார்ட் மெனுவில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் அப்டேட்’ வரியை இரண்டு தடவை தட்டி, ‘டிசேபிள்ட்’ என்பதை ‘மேனுவல்’ என்று மாற்றி ஸ்டார்ட் கொடுங்கள்.

டேட்டாவை மிச்சப்படுத்த முறையான வழி இருக்கிறது. வைஃபை செட்டிங்ஸில் உங்கள் போனின் பெயரைத் தட்டி ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுகள் பெரும்பாலும் காத்திருக்கும். ஆனால் ஆன்ட்டிவைரஸ் அப்டேட்டும் கூடவே நின்றுவிடலாம். ஆகவே தினமும் ஒரு தடவை, டேட்டா மிச்சமிருக்கும் இரவு நேரத்தில், விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்’ போய் நீங்களே ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ கொடுத்துவிடுங்கள். அன்றாட அப்டேட் சிறியதுதான்.

சிக்னல் சுத்தமாக இல்லையென்றால் வள்ளியூருக்கோ நெல்லை வண்ணார்பேட்டைக்கோ வரும்போது மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து முழு அப்டேட் ஃபைலைப் பென்டிரைவில் இறக்கிக்கொள்ளலாம். நூறு எம்பிக்கு மேல் இருக்கும். உங்கள் சிஸ்டம் 32 பிட்டா 64 பிட்டா என்று வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் செருகிய பென்டிரைவை மட்டும் திறக்கும் முன் ஸ்கேன் செய்யுங்கள். ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறும் வைரஸ் நம் ஊரில் சுற்றியதே அந்த வழியாகத்தான்.

80070070 என்று வருகிறது. (வாசகர், தென்காசி)

சி டிரைவ் நிரம்பிவிட்டது. கல்யாண வீடியோவை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியன். விண்டோஸ் 7 கம்ப்யூட்டர், இன்னும் நன்றாகவே ஓடுகிறது. தமிழில் எழுதவும், பென்ஷன் வரவு பார்க்கவும் பயன்படுகிறது. ஆன்ட்டிவைரஸ் மட்டும் அப்டேட் ஆக மறுக்கிறது. என்ன வழி? (வாசகர், பாளையங்கோட்டை)

சார்வாள், கோபித்துக்கொள்ளக் கூடாது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. குரோம் பிரவுசரும் 109-ஆம் பதிப்போடு அந்த வண்டியிலிருந்து இறங்கிவிட்டது.

அப்டேட் மறுப்பதற்குக் குறிப்பான காரணமும் ஒன்று உண்டு. அப்டேட் ஃபைல் உண்மையானதுதானா என்று காட்ட அதில் டிஜிட்டல் கையெழுத்து போடுவார்கள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் பழைய ஷா-1 என்ற கையெழுத்து முறையை விட்டு ஷா-2 முறைக்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள். உங்கள் விண்டோஸ் 7-இல் சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய அப்டேட் தொகுப்பும், அந்தப் புதிய கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் 2019 அப்டேட்டும் இல்லையென்றால், நல்ல ஃபைலையே போலி என்று தள்ளிவிடும். அந்த இரண்டையும் போட்டால், விண்டோஸ் 7-ஐ இன்னும் ஆதரிக்கும் ஆன்ட்டிவைரஸ் அப்டேட் ஆகக்கூடும்.

ஆனாலும் அதை நம்பிப் பேங்க் வேலை செய்ய வேண்டாம். கீழே விண்டோஸிலேயே ஓட்டை இருக்கும்போது மேலே ஆன்ட்டிவைரஸ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. பென்ஷன் வரவைப் போனில் பாருங்கள். கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து கழற்றிவிட்டுத் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். 4 ஜிபி ராம் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம், இலவசம், தமிழ் விசைப்பலகையும் அதிலேயே உண்டு.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். அதற்கும் 2025 அக்டோபர் 14-இல் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபெண்டருக்கான வைரஸ் அப்டேட்டுகளை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அது ஆன்ட்டிவைரஸுக்கான கெடு, விண்டோஸுக்கு அல்ல.

நண்பன் பென்டிரைவில் ‘ஃபுல் வெர்ஷன்’ ஆன்ட்டிவைரஸ் தந்தான். எல்லாம் பச்சையாக இருக்கிறது, அப்டேட் மட்டும் ஆகவில்லை. (கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்)

‘கிராக்’, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு நகல், என்று சொல்ல வெட்கமா தம்பி? சரி, விஷயத்துக்கு வருவோம். லைசென்ஸ் போலி என்று கம்பெனிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, கிராக் செய்பவர்கள் பல சமயம் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற ஃபைலில் கை வைப்பார்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று ஒவ்வொரு ஃபோல்டராகப் போனால் அது இருக்கும். நோட்பேடை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, அதன் வழியாக அந்த ஃபைலைத் திறங்கள். ஹேஷ் (#) குறியில் தொடங்கும் வரிகள் வெறும் விளக்கம், அவற்றால் தொல்லை இல்லை. 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கி, பக்கத்தில் ஆன்ட்டிவைரஸ் கம்பெனியின் பெயரோ மைக்ரோசாஃப்ட் பெயரோ இருந்தால், அந்த முகவரிக்குப் போகாதே என்று உங்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்த வரிகளை அழித்துச் சேமியுங்கள்.

அதோடு முடியவில்லை. கிராக் ஓடும்போது அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்டிருக்கும், நீங்களும் ‘எஸ்’ கொடுத்திருப்பீர்கள். அது வேறு என்னவெல்லாம் செய்தது என்று நோட்பேடில் தெரியாது. அந்த ஆன்ட்டிவைரஸை நீக்கிவிட்டு, டிபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும், ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

“உங்கள் ஆன்ட்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, 5 வைரஸ்கள் உள்ளன” என்று ஓரத்தில் வந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆன்ட்டிவைரஸ் எங்களிடம் இல்லவே இல்லை! (வாசகி, மேலப்பாளையம்)

இல்லாத ஒன்று காலாவதியாகாது. ஏதோ ஒரு சைட்டில் ‘அலோ’ அழுத்தியிருக்கிறீர்கள், அது பிரவுசர் வழியாக அனுப்பும் பொய் அறிவிப்பு. பிரவுசர் செட்டிங்ஸில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதிக்குப் போய்த் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். அந்த அறிவிப்பில் வரும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள், யார் சொன்னாலும் திரையைப் பகிரும் ஆப் போடாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

அப்டேட்டே கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடும் என்கிறார்களே? நிறுத்திவைக்கலாமா? (வாசகர், களக்காடு)

நடந்திருக்கிறது. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 2010 ஏப்ரலில் மெக்காஃபி ஆன்ட்டிவைரஸின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைலையே வைரஸ் என்று பிடித்தது. ஆனால் இரண்டிலும் பெரிதாக அடிபட்டவை நிறுவனங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் பொருளே இல்லை. நிறுத்த வேண்டாம்.

அப்டேட் ஆகிவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்வது எப்படி? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பச்சை டிக்கை நம்பாதீர்கள், ‘லாஸ்ட் அப்டேட்’ என்ற வரியின் தேதியைப் பாருங்கள். டிபெண்டருக்கு ஒரே நாளில் பல அப்டேட்டுகள் வரும். இன்றோ நேற்றோ இருந்தால் நல்லது. ஒரு வாரத்துக்கு முந்தைய தேதி என்றால் மேலே உள்ளவற்றில் ஒன்றுதான்.

ஆன்ட்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்க ஐகார் என்ற சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் வைரஸ் என்றே பிடிக்க வேண்டும் என்று கம்பெனிகள் பேசிவைத்திருக்கின்றன. டவுன்லோட் ஆகும்போதே எச்சரிக்கை வந்தால் காவல் நடக்கிறது என்று பொருள், அப்டேட் புதிதா என்பதை அது சொல்லாது. வீட்டில் மட்டும் செய்து பாருங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்தால் ஐடி ஆள் ஓடி வருவார்.