மரக்கப்பல் மாதிரியில் முன்பக்கம் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது ஏன்? எப்படிச் சரிசெய்வது?

கேள்வியின் விவரம்: 1:64 அளவில் ஒரு கட்டர் (ஒற்றைப் பாய்மரக் கப்பல்) கிட். முதல் அடுக்குக்கு 1.5 × 5 மி.மீ. லைம் மரப் பட்டைகள். தளக்கோட்டிலிருந்து (மேல்தளம் வரும் கோடு) கீழே ஏழு பலகை ஒட்டியாயிற்று. அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) பட்டைகள் ஓடு வேய்ந்ததுபோல் ஏறிக்கொண்டு நிற்கின்றன, பின்பக்கம் இடைவெளி விழுகிறது. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாமா? இதை முடித்தபின் எச்.எம்.எஸ். டிரின்கோமாலி என்ற பழைய போர்க்கப்பலின் மாதிரி செய்யவும் ஆசை.

பிய்க்க வேண்டாம். இரண்டடுக்குக் கிட்டில் முதல் அடுக்கு வெளியே தெரியப்போவதில்லை. அதன் வேலை, இரண்டாம் அடுக்கு உட்கார ஒரு மேடு பள்ளமில்லாத தளம் தருவது மட்டுமே. ஆனால் எட்டாவது பலகையை இதே முறையில் ஒட்டாதீர்கள்.

நடந்தது இதுதான். கப்பலின் நடுவில் தளக்கோட்டிலிருந்து ஏரா (கப்பலின் அடிமரம்) வரைக்குமான சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. நடுவில் 120 மி.மீ., அணியத்தில் 73 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 5 மி.மீ. பட்டை 24 பிடிக்கும். அதே 24 பலகையும் அணியம்வரை போய்ச் சேர வேண்டுமானால் அங்கே ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலம்தான் இருக்கலாம். நீங்கள் பெட்டியில் வந்த அகலத்திலேயே ஒட்டினால், ஏழு பலகை 35 மி.மீ. இடத்தைத் தின்றுவிடும். மிச்சம் 38 மி.மீ.யில் 17 பலகை நுழைய வேண்டும், அதாவது ஆளுக்கு 2.2 மி.மீ. தவறு தெரிவது ஏழாவது பலகையில். செய்தது முதல் பலகையில்.

ஏறிக்கொள்வதற்குக் காரணம் பட்டையின் குணம். 1.5 மி.மீ. தடிப்பின் பக்கம் அது சுலபமாக வளையும், 5 மி.மீ. அகலத்தின் பக்கம் வளைய மறுக்கும். உருண்ட அணியத்தில் நேரான பட்டையைச் சும்மா சுற்றிப் பாருங்கள், அது தன் போக்கில் மேலே ஓடும். அதைக் கிளிப் போட்டுக் கீழே இழுத்தால் உடனே ஒரு விளிம்பு எழும்பிவிடும். எத்தனை குண்டூசி அடித்தாலும் அந்த விளிம்பு உட்காராது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கட்டர்கள் பலவும் பலகைமேல் பலகை ஏறும் கிளிங்கர் முறையில் கட்டப்பட்டவைதான். அதைச் சொல்லிச் சமாளிக்கலாமே என்று தோன்றலாம். நடக்காது: கிளிங்கரில் மேற்பலகைதான் கீழ்ப்பலகையின் வெளிப்புறம் ஏறும், அதுவும் நுனியில் இழைத்து மட்டமாக்கப்பட்டிருக்கும்.

முதலில் மீட்பு வேலை. கடைசி மூன்று பலகைகளின் முன்பாதியை மட்டும் கழற்றுங்கள். ஃபெவிகால் போட்டிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் இணைப்பில் தடவி, கால்மணி நேரம் விட்டு, மெல்லிய கத்தியை நுழைத்தால் பிரியும். ஃபெவிகுவிக் என்றால் அசிட்டோன். மேலே இருக்கும் நான்கையும் 120 நம்பர் உப்புத்தாளில் மட்டமாக்கிவிடலாம். தேய்ப்பதற்கு முன்னால் அந்த இடத்தின் உட்புறம் ஃபெவிகாலில் தோய்த்த துண்டுப் பட்டைகளை வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். 1.5 மி.மீ. பலகை தேய்ந்து பாதியானால் விரல் அழுத்தத்திலேயே உள்ளே போய்விடும்.

பலகை இறக்கிய இடத்தில் உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள் கண்ணுக்குத் தெரியும். அவற்றின் விளிம்பைப் பாருங்கள். லேசரில் வெட்டிய கருகல் முழுதாகக் கறுப்பாகவே இருந்தால், சட்டங்களைச் சரிவாக இழைக்கவே இல்லை என்று பொருள். பலகை கோளாறில் பாதி இங்கேதான் பிறக்கிறது. நடுச் சட்டத்துக்கு முன்னால் இருப்பவற்றில் முன்விளிம்பை இழைக்க வேண்டும், பின்விளிம்பின் கருகல் ஒரு கோடளவு மிஞ்ச வேண்டும். நடுவுக்குப் பின்னால் இருப்பவற்றில் இது தலைகீழ். கையில் வெறும் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்க்காதீர்கள், ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு விதமாக உருண்டுவிடும். வளையக்கூடிய ஒரு பட்டையில் தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் மூன்று சட்டங்களையாவது தொடுகிற மாதிரி இழுங்கள். பிறகு 5 மி.மீ. பட்டை ஒன்றை மேலே வைத்துப் பாருங்கள். அது ஒவ்வொரு சட்டத்திலும் விளிம்பில் அல்ல, முழு முகத்திலும் படிய வேண்டும். படியாத சட்டம் பள்ளமாக இருந்தால் அரை மி.மீ. சீவலை ஒட்டி உயர்த்துங்கள். முதல் இரண்டு சட்டங்களுக்கு இடையில் பால்சா கட்டைகளை ஒட்டி இழைத்துவிட்டால் அணியத்தில் பலகைக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். கிட்டில் அது தரவில்லை என்றாலும் செய்யுங்கள்.

பின்பக்கத்திலும் ஒரு இழைப்பு உண்டு, பலர் விட்டுவிடுவது. நடு முதுகுச் சட்டம் (குறுக்குச் சட்டங்களைத் தாங்கும் நீளவாட்டுப் பலகை) 5 மி.மீ. தடிப்பு என்றால், ஒரு பக்கத்துக்கு முதல் அடுக்கு 1.5, இரண்டாவது 1 என இரு பக்கமும் சேர்த்து இன்னொரு 5 மி.மீ. ஏறும். ஆக 10 மி.மீ. ஆனால் சுக்கான் தொங்கும் பின்கம்பம் 5 மி.மீ.தான். எனவே பின்கம்பத்தை ஒட்டிய கீழ்ப்பகுதியில் முதுகுச் சட்டத்தை இரு பக்கமும் இழைத்து 2 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். முதல் அடுக்குப் பலகையின் நுனியையும் உட்புறமாகச் சீவுங்கள்.

இனி அளவு. ஏழாவது பலகையின் கீழ் விளிம்பிலிருந்து ஏரா வரை, ஒவ்வொரு சட்டத்தின்மேலும் ஒரு காகிதக் கீற்றைச் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் வளைவில் பிசகும். நடுவில் வரும் அளவை 5ஆல் வகுத்தால் பலகை எண்ணிக்கை. மற்றச் சட்டங்களில் வரும் அளவை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் அந்தந்த இடத்தில் பலகை இருக்க வேண்டிய அகலம். இதைப் பென்சிலால் சட்டங்களின்மேலேயே கோடு போட்டுவிடுங்கள். 17 பலகையையும் ஒரே மூச்சில் கணக்குப் போட வேண்டாம். நடுவழியில் ஒரு மெல்லிய பட்டையை ஓடவிட்டு, கண்ணுக்கு அழகாக ஓடும் இடத்தில் நூலால் கட்டி, அதை எல்லையாகக் கொண்டு இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்துச் செய்தால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகாது.

நுனியில் பலகை அகலம் பாதிக்குக் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் 17 பலகைக்கு 2.2 வருகிறது. அப்படியானால் 15 பலகை மட்டும் அணியத்தைத் தொடட்டும், 38ஐ 15ஆல் வகுத்தால் 2.5. மீதி இரண்டும் வழியிலேயே முடிய வேண்டும். முடியும் நுனியைக் கூராக்காமல் 2.5 மி.மீ. அகலத்தில் மொட்டையாக வெட்டி, பக்கத்துப் பலகையில் அதற்கேற்ற படி ஒன்று வெட்டிப் பொருத்துங்கள். உண்மையான கப்பலிலும் அப்படித்தான்: கூர்நுனியில் ஆணி அடித்தால் பிளக்கும், அங்கே கலப்பத்து (பலகை இடுக்கில் நார் திணித்து அடைப்பது) அடித்தால் நாரும் நிற்காது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைக்காமல் நடுவே மூன்று நான்கு பலகை விட்டுப் போடுங்கள்.

பின்பக்கத்தில் கதை மாறும். அங்கே சுற்றளவு பெரும்பாலும் நடுவைவிட அதிகம். 17 பலகை நிரப்பும் 85 மி.மீ.க்குப் பதில் 95 இருந்தால் 10 மி.மீ. பள்ளம், நீங்கள் பார்க்கும் இடைவெளி அதுதான். பட்டைகளை நெருக்கி அதை மூடப் பார்ப்பது வீண். பலகைகளை அவை போகும் போக்கில் விட்டு, இடையில் ஆப்பு வடிவில் இரண்டு துண்டுப் பலகை செருகுங்கள். அவையும் மொட்டை நுனியோடு.

ஏராவை ஒட்டிய முதல் பலகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் முன்நுனி ஏரா வளைந்து அணியமரமாக எழ ஆரம்பிக்கும் இடத்திலேயே, முதல் அல்லது இரண்டாம் சட்டத்தருகே, முடிந்துவிட வேண்டும். வளைவோடு மேலே ஏற விட்டால், அதற்குமேல் வரும் ஒவ்வொரு பலகைக்கும் அணியத்தில் இடம் குறைந்துகொண்டே போகும். முடிந்த மாதிரிகளைப் பார்க்கும்போது செய்தவருக்கு விஷயம் தெரியுமா என்று நான் முதலில் பார்ப்பது இந்த நுனியைத்தான்.

பலகையை மெலியவைக்கும் வேலை இப்படி. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்குமான இரண்டு பட்டைகளையும் சேர்த்துக் கிளிப் போடுங்கள். சட்டங்கள் வரும் இடங்களில் அகலத்தைக் குறித்து, ஒரே ஒரு விளிம்பில் மட்டும், கத்தியால் 0.3 மி.மீ. மிச்சம் விட்டு வெட்டி, சிறு இழைப்புளியால் முடியுங்கள். எப்போதும் அகலமான இடத்திலிருந்து குறுகலான நுனியை நோக்கி இழையுங்கள், மாற்றி இழைத்தால் நார் எழும்பிப் பட்டை கிழியும். அடிவயிறு உருளும் இடத்தில் உள்விளிம்பை ஒரு சீவு சீவினால் வெளியே கோடு தெரியாமல் சேரும்.

வளைக்க, வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, ஹேர் ஸ்ட்ரெய்ட்னரிலோ அயர்ன் பாக்ஸ் நுனியிலோ சூடு காட்டி வளைத்து, பசையில்லாமல் கப்பலில் கிளிப் போட்டு ஓர் இரவு காயவிடுங்கள். அகலத்தின் பக்கமும் கொஞ்சம் வளைக்கலாம்: ஈரப் பட்டையின் இரு முனையையும் மேசையில் கிளிப் போட்டு, நடுவைப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்தி, மேலே அயர்ன் பாக்ஸை அழுத்தினால் அந்த வளைவு நிற்கும். இப்படி முன்கூட்டியே வளைத்த பலகை அணியத்தில் ஏறாது. ஈரத்தோடு ஒட்டவே ஒட்டாதீர்கள். காயும்போது பலகைக்கு 0.1 மி.மீ. சுருங்கினாலும் 24 பலகைக்கு 2.4 மி.மீ. வாய் பிளக்கும்.

பசைக்கு ஃபெவிகால் போதும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். கிளிப் நிற்காத இடத்தில் மட்டும் ஒரு துளி ஃபெவிகுவிக். அது வெளியே கசிந்தால் அந்த இடம் பாலிஷைக் குடிக்காமல் திட்டாகத் தெரியும், எனவே இரண்டாம் அடுக்கில் கவனம். ஒரு பலகை இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரு பக்கமே ஒட்டிக்கொண்டு போனால் பசை இறுகும் இழுப்பில் ஏரா திருகிக்கொள்ளும். திருகிய ஏராவை அதன்பின் நிமிர்த்த வழியில்லை.

இரண்டாம் அடுக்கில் முழுநீளப் பட்டையை ஒரே துண்டாக ஒட்டினால் கப்பல் பொம்மையாகிவிடும். அக்காலத்துப் பலகைகள் சுமார் 20 முதல் 25 அடி நீளம். 1:64இல் அது 95 முதல் 119 மி.மீ. மூட்டுகள் சட்டத்தின்மேல் விழ வேண்டும். ஒரே சட்டத்தில் இரண்டு மூட்டு வந்தால் இடையில் மூன்று வரிசையாவது முழுப் பலகை இருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயத் தச்சர்களின் விதி. மர ஆணிகளின் குறுக்களவு ஒன்றரை அங்குலம் என்றால் இந்த அளவில் 0.6 மி.மீ. அதைவிடப் பெரிதாகப் போடுவதானால் போடாமலிருப்பதே மேல். கலப்பத்துக் கோட்டுக்குப் பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் பென்சில் ஓட்டினால் போதும். கறுப்பு மார்க்கர் நாரில் பரவும்.

டிரின்கோமாலி பற்றி. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய அந்தப் போர்க்கப்பல் 1817இல் பம்பாயில், வாடியா குடும்பத்துத் தச்சர்கள் தேக்கில் கட்டியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. லீடா வகுப்பு, அதாவது 1782இல் பிடிபட்ட ஹெபே என்ற பிரெஞ்சுக் கப்பலின் வடிவத்திலிருந்து வந்தது. பீரங்கித் தளத்தின் நீளம் 150 அடி. 1:64இல் உடல் மட்டும் 71 செ.மீ., முன்னால் நீட்டிய மரங்களோடு ஒரு மீட்டரைத் தாண்டும். 1:96இல் உடல் 48 செ.மீ. கண்ணாடிப் பெட்டி வைக்க வீட்டில் இடம் அளந்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

அசல் தேக்கு என்பதற்காக மாதிரிக்கும் தேக்கை எடுக்காதீர்கள். அதன் துளைகள் 1:64இல் பூதாகரமாகத் தெரியும், எண்ணெய்ப் பிசுக்கால் பசையும் சரியாகப் பிடிக்காது. நார் நெருக்கமான மஞ்சக்கடம்பு கிடைத்தால் பலகைக்கு நல்லது. கப்பிகளும் சிறு கடைசல் வேலைகளும் செய்ய வெட்பாலை, சென்னப்பட்டணப் பொம்மைகளுக்குக் கடைவது அந்த மரத்தைத்தான். நீர்மட்டத்துக்குக் கீழே செம்புத் தகடு போடுவீர்கள் என்றால் 4 அடிக்கு 14 அங்குலத் தகடு 19 × 5.6 மி.மீ. ஆகும். ஆணித்தலைகளைப் புடைப்பாக அச்சடித்து விற்கும் தகடுகளைத் தவிர்த்துவிடுங்கள், அசலில் அவை கிட்டத்தட்ட மட்டமாகவே இருக்கும். தகட்டுக்கு அடியில் மறைந்துவிடும் என்று பலகை வேலையை அலட்சியமாக விட்டாலும் வம்பு, செம்பின் பளபளப்பு அரை மி.மீ. மேட்டையும் காட்டிக் கொடுக்கும்.

கட்டரிலிருந்து நேராக மூன்று பாய்மரக் கப்பலுக்குத் தாவ வேண்டாம், நடுவே இரண்டு பாய்மரப் பிரிக் ஒன்று செய்யுங்கள். உடல் வேலை கட்டரில் கைவந்துவிடும். பாய் கட்டும் குறுக்குப் பருமல்களும் அவற்றின் கயிறுகளும் கட்டரில் அவ்வளவாக வராது.