வாசகர் கேள்வி – பதில்: ஒரு மூட்டை யூரியாவுக்கு எத்தனை மூட்டை கூட்டெரு?

கேள்வி: என் அண்ணர் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறார். 2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளையை நிறுத்தியபோது பட்ட பாட்டை இன்றும் சொல்லித் தீர்க்க மாட்டார். இரசாயனம் போடாத சேதன விவசாயம் என்ற எண்ணமே பிழையா, செய்த விதம் பிழையா? வேறு எந்த நாடாவது இதில் வென்றிருக்கிறதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன், கணக்கில்தான் பிழை. ஐம்பது கிலோ யூரியா மூட்டை ஒன்றில், பயிர் வளர வேண்டிய நைதரசன் 23 கிலோ இருக்கிறது. நன்றாக உக்கிய கூட்டெருவிலோ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். அந்த ஒரு மூட்டைக்கு ஈடு செய்ய வேண்டுமானால் அதே அளவிலான 23 முதல் 46 மூட்டை கூட்டெருவை வயலுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினாலும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து மெல்ல மெல்லத்தான் பயிருக்குக் கொடுக்கும். மட்டம் வெடித்துப் பக்கத் தண்டுகள் விடும்போதும் கதிர் உருவாகும்போதும் நெல் கேட்கும் அளவை அந்தந்த வாரத்திலேயே அதனால் கொடுக்க முடியாது. இந்தக் கணக்கு உங்கள் அண்ணருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்கள் இருந்த இடத்தில், 1958 இல் வந்த எச்-4 தொடக்கம், பசளையை வாங்கி விளைச்சலாகத் திருப்பித் தரக்கூடிய இனங்களை அரசின் ஆராய்ச்சி நிலையங்களே உருவாக்கிக் கொடுத்தன. 1962 இலிருந்து பசளை மானியமும் அரசே கொடுத்தது. அறுபது ஆண்டுகளாக ஒரு வழியில் நடத்திவந்த விவசாயியை, பசளை இறக்குமதியைத் தடுத்த 2021 மே மாத வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் மறு வழிக்குத் திருப்பப் பார்த்தார்கள் அன்றைய ஆட்சியாளர்கள். 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் அதற்குப் பத்து ஆண்டுகள் குறித்திருந்தவர்களும் அவர்களேதான். டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த வேளையில் வந்த முடிவு அது என்பதையும் மறக்கக் கூடாது. நவம்பரில் தடை தளர்ந்தபோது, ஆண்டின் முதன்மை நெற்பருவமான பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. அந்தப் போகத்தின் விளைச்சல் விழுந்து, அரிசி இறக்குமதிக்கு வழி திறந்தது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, அடுத்த ஆண்டில் 25 கோடிக்கு இறங்கியதற்குப் பசளைத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

வென்ற இடம் என்று கேட்டால் எல்லோரும் சிக்கிமைக் காட்டுவார்கள். இந்தியாவின் அந்தச் சிறிய மலை மாநிலம் 2003 இல் பணியைத் தொடங்கி, மானியத்தை ஆண்டுக்கு ஆண்டு குறைத்து, 2016 சனவரியில்தான் முழுச் சேதன மாநிலம் என்று அறிவித்தது. ஏறத்தாழ 75,000 ஹெக்டேயர் நிலம் அதில் அடங்கும். ஆனால் அங்கே முன்பிருந்தே பசளைப் பாவனை மிகக் குறைவு. அரிசியில் பெரும்பகுதி சமவெளியிலிருந்து மலையேறி வருகிறது. நாடு முழுவதற்கும் சோறு போட வேண்டிய கிளிநொச்சி, அம்பாறை வயல்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2020 இல் முழுச் சேதன நாடாவோம் என்றிருந்த பூட்டான், இலக்கை 2035 வரை தள்ளிவைத்திருக்கிறது. சோவியத் ஒன்றியம் உடைந்து எண்ணெயும் பசளையும் நின்றபோது ஹவானா நகரின் வெற்றுக் காணிகளில் மரக்கறி விளைவித்த கியூபாவும், தன் உணவில் பெரும்பங்கை இன்னமும் இறக்குமதிதான் செய்கிறது. பணத்துக்குக் குறைவில்லாத ஐரோப்பிய ஒன்றியமே, 2030 இற்குள் பூச்சிகொல்லிப் பாவனையைப் பாதியாக்கும் சட்டமூலத்தை, விவசாயிகள் உழவு இயந்திரங்களோடு வீதிக்கு வந்து எதிர்த்த பின் 2024 பெப்ரவரியில் கைவிட்டது.

கேள்வி: பேரங்காடியில் 'சேதன' என்று ஒட்டியிருக்கும் மரக்கறிக்கு இரட்டை விலை கொடுக்கலாமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தின் பெயர் உறையில் இருந்தால் கொடுக்கலாம். ஐரோப்பிய விதிகளின்படி, மரக்கறி போன்ற ஓராண்டுப் பயிர் நிலம் இரண்டு ஆண்டுகள் மாற்றுக் காலத்தைக் கடந்த பிறகே அந்தப் பெயரைப் பெறும். வெறும் பச்சை நிற ஒட்டுத்தாளுக்கு அந்த விலை கொடுக்க என் மனம் ஒப்பாது.

கேள்வி: விளைச்சலைக் கூட்டு, கூட்டு என்கிறார்களே, விளைந்தது வீணாகாமல் இருக்க என்ன செய்கிறார்கள்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நல்ல கேள்வி, இதற்கு விடை தேடி ஒருநாள் விடியற்காலையில், கொழும்புக்கு மரக்கறி வந்திறங்கும் பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போனேன். மலைநாட்டிலிருந்து வந்த லொறியில் கோவா (முட்டைக்கோசு) மூட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு. அவற்றின் மேல் ஓர் இளைஞர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அடி மூட்டையைப் பிரித்த வியாபாரி, நசுங்கி நீர் கசிந்த வெளி இலைகளை உரித்து உரித்துக் காலடியில் போட, நான் பார்த்த ஒரு கோவா பாதியாகச் சுருங்கிவிட்டது. உரித்த பாதிக்கும் சேர்த்துத்தான் விவசாயி பசளை போட்டிருப்பார். பிளாத்திக்குக் கூடைகளில் மட்டுமே மரக்கறி ஏற்ற வேண்டும் என்று 2011 இறுதியில் அரசு கட்டாயப்படுத்தியபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பி, அது பின்வாங்கப்பட்டது. கூடையின் விலையை யார் கொடுப்பது, வெறுங்கூடையை மரக்கறி வந்த தம்புள்ளை போன்ற ஊர்களுக்குத் திருப்பி அனுப்பும் கூலி யாருடையது என்பவற்றை முதலில் தீர்க்காமல் சட்டத்தை மட்டும் போட்டால் அப்படித்தான் ஆகும். கூடை நல்ல யோசனை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

கேள்வி: மானியம் கொடுப்பதைத் தவிர அரசுக்கு வேறு வழி இல்லையா?
– ஆசிரியை, தெகிவளை

பதில்: நீங்கள் ஆசிரியை என்பதால் பிரேசிலைச் சொல்கிறேன். பாடசாலை உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது நூற்றுக்கு 30 பங்கையாவது சிறு குடும்ப விவசாயிகளிடம் செலவிட வேண்டும் என்று 2009 இல் அங்கே சட்டம் வந்தது. விதைக்கும் முன்பே, வாங்குபவர் யார் என்று விவசாயிக்குத் தெரிந்துவிடுகிறது. நம்மிடம் நெல் வாங்க 1971 இல் உருவான நெல் சந்தைப்படுத்தும் சபை இருக்கிறது. கீரையும் பயறும் முட்டையும் விற்பவருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. பாடசாலைச் சமையலறை அந்த வாசலாகலாம்.

கேள்வி: நான்காம் மாடியில் இருக்கிறோம். சமையற்கழிவைக் கூட்டெருவாக்கப் பார்த்தால் நாற்றம் எடுக்கிறது. பக்கத்து வீட்டு அன்ரி முறையிடுகிறார்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஈரம் கூடிவிட்டது. வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, ஒரு பிடி கழிவுக்கு இரண்டு பிடி காய்ந்த இலையோ தும்புத்தூளோ போட்டு மூடுங்கள். மீனும் எண்ணெய்ப் பொருளும் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். ஏறத்தாழ மூன்று மாதத்தில் மண் வாசம் வரும். அப்போது பக்கத்து வீட்டு அன்ரிக்கும் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்துக் கொடுங்கள்.