தெருமுனைப் புங்கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருமுனையில் ஒரு புங்கை மரம் நிற்கிறது. பெரிய மரமும் இல்லை, பழைய மரமும் இல்லை. யார் நட்டார்கள் என்றுகூட எவருக்கும் தெரியாது. தினமும் பேருந்துக்கு அதன் அடியில்தான் நிற்பேன். அது இல்லாமல் போய்விட்டால் என்று நினைத்தாலே மனம் பதைக்கிறது. “ஆயிரம் வயது ஆலமரம் என்றாலும் சரி, இதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, அதன் இலையெல்லாம் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. நோய் பிடித்த மரம், வெட்டிவிடலாம் என்று தெருவில் பேச்சு. உண்மையிலேயே நோய்தானா?

க.

அன்புள்ள க.,

கொப்புளத்திலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் அவசரம். அது மரத்தைக் கொல்லும் நோய் இல்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் இலையில் சாறு உறிஞ்சுகிறது. அந்த இடத்தில் இலையே புடைத்து வளர்ந்து அதற்கு வீடாகிவிடுகிறது. வேறு சில இலைகளில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும், பாருங்கள். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே ஒரு சின்னஞ்சிறு புழு தின்றுகொண்டே போன தடம் அது. அவ்வளவு மெல்லிய இலைக்குள் ஓர் உயிர் வளர்ந்து வெளியேறியிருக்கிறது! புங்கை இதையெல்லாம் தாங்கிக்கொண்டு வருடாவருடம் புதிதாகத் தழைக்கும் மரம். இலை பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக அதை வெட்டுவது அநியாயம். தெருவில் அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம், அதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. ஆயிரம் வயது ஆலமரத்தை ஒருநாள் போய்ப் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், திரும்பிவிடுகிறோம். நமக்குத் தெரிந்தது அந்த ஒருநாள் மரம் மட்டும்தான். உங்கள் புங்கையை நீங்கள் எல்லா மாதமும் பார்க்கலாம். கோடையையொட்டி இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். அந்த மொட்டைக் கோலம் கொஞ்ச நாள்தான், உடனே தளிர்விடும். செம்பு நிறம் கலந்து, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் தளிர் இளம்பச்சையாகும், பிறகு கரும்பச்சையாகும். மூன்று நிறமும் ஒரே மரத்தில் சேர்ந்து தெரிகிற நாட்கள் உண்டு. கிட்டப் போய் ஓர் இலைக்காம்பைப் பிடித்துப் பாருங்கள். சிற்றிலைகள் இரண்டு பக்கமும் சோடி சோடியாக இருக்கும். நுனியில் ஒன்று மட்டும் தனியாக, மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக.

பூ சிறியது. வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது. மரத்தில் இருக்கும்வரை அவ்வளவாகக் கண்ணில் படாது, தரையில் கொட்டியபின்தான் தெரியும். குறுந்தொகையின் 53ஆம் பாட்டில் இந்தக் காட்சி இருக்கிறது: முன்றில் புன்கின், அதாவது முற்றத்துப் புங்கையின், பூக்கள் வெண்மணலில் உதிர்ந்து கிடப்பது, செந்நெல் பொரியைச் சிதறியதுபோல் இருக்கிறதாம். எங்கோ காட்டில் இருந்த மரம் அல்ல அது, வீட்டு முற்றத்தில் நின்ற மரம். வீட்டில் கேட்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

காயையும் விட்டுவிட வேண்டாம். தட்டையாக, கெட்டியாக, பெரும்பாலும் ஒரே விதையோடு இருக்கும். முற்றுவதற்கே பத்து மாதம்போல் ஆகும். முற்றினாலும் தானாக வெடிக்காது. புங்கை ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் இயல்பாக வளர்கிற மரம். தண்ணீரில் மிதந்துபோய் எங்காவது கரையொதுங்கி முளைக்கத்தான் அந்தக் காய். உங்கள் தெருவில் அது தார்ச்சாலையில் விழுகிறது. முடிந்தால் நாலைந்தைப் பொறுக்கி மண்ணில் போடுங்கள்.

நிழல் தருகிறது, காற்றைச் சுத்தம் செய்கிறது என்று பயன்களை அடுக்கி மரத்துக்காக வாதாடாதீர்கள் என்பது என் கருத்து. எல்லாம் உண்மைதான். ஆனால் நிழல்தான் காரணம் என்றால், ஒரு தகரக் கூரை போட்டுவிட்டு மரத்தை வெட்டிவிடுவார்கள். உங்களுக்கு அதைப் பிடித்திருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இதைச் சொல்ல நீங்கள் ஏன் கூச வேண்டும்?

அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் பேசி எடுக்கச் சொல்லுங்கள், வேருக்குத் தண்ணீரும் காற்றும் இறங்க வேண்டும். ஆணியடித்த விளம்பரப் பலகைகள் இருந்தால் அவற்றையும் கழற்ற வேண்டும். அடுத்த தளிர் எந்தப் பக்கக் கிளையில் முதலில் வந்தது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.