எவ்ரிஒன்: ஒருமையா, பன்மையா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். சேலத்து வியாபாரிக்கு ஆங்கிலத்தில் தகவல் அனுப்பும்போது 'ஈச் ஆஃப் த பேக்ஸ் ஆர் ரெடி' என்று எழுதினேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் 'ஆர்' தவறு, 'இஸ்' என்றே வர வேண்டும் என்கிறாள். 'பேக்ஸ்' பன்மைதானே? 'எவ்ரிஒன்', 'நன்', 'ஆல்' ஆகியவற்றுக்கும் இதுதான் விதியா?
– வாசகர், ஏற்காடு

பதில்: உங்கள் மகள் சொல்வதே சரி. அந்த வாக்கியத்தின் எழுவாய் 'ஈச்'. 'ஆஃப் த பேக்ஸ்' என்பது எவற்றுள் ஒவ்வொன்று என்பதைக் காட்ட இடையில் வந்த தொடர் மட்டுமே. வினையை முடிவு செய்யும் உரிமை அதற்கு இல்லை. பன்மைப் பெயர் வினைக்குப் பக்கத்திலேயே நிற்பதால் காது ஏமாறுகிறது. ஆங்கிலேயரும் பேச்சில் இவ்வாறு சறுக்குவதுண்டு. தமிழில் நீங்கள் 'ஒவ்வொரு மூட்டையும் தயாராக இருக்கிறது' என்று ஒருமையில்தான் முடிப்பீர்கள் என்பதால், 'ஈச்' உங்களுக்குப் பழகிய வழியிலேயே போகிறது. எழுத்து வழக்கில் 'ஈதர்', 'நீதர்' ஆகியவையும் அப்படியே.

சிக்கல் 'எவ்ரிஒன்', 'எவ்ரிபடி' ஆகியவற்றில்தான். 'எல்லோரும் வந்திருக்கிறார்கள்' என்று பன்மையில் நினைத்துவிட்டு எழுத உட்காருவதால் நம்மவர் கை 'எவ்ரிபடி ஹேவ் கம்' என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலமோ கூட்டத்தை ஒருவர் ஒருவராகப் பிரித்துப் பார்த்து 'எவ்ரிபடி ஹேஸ் கம்' என்கிறது. 'சம்ஒன்', 'எனிபடி', 'நோபடி', 'எவ்ரிதிங்' என்று 'ஒன்', 'படி', 'திங்' ஆகியவற்றில் முடியும் எல்லாவற்றுக்கும் ஒருமை வினையே வரும். இந்தத் தொல்லை பெரும்பாலும் நிகழ்காலத்தோடு நின்றுவிடுகிறது என்பது ஓர் ஆறுதல். இறந்தகாலத்தில் 'வாஸ்', 'வேர்' இரண்டைத் தவிர வேறெந்த வினையும் ஒருமை பன்மை காட்டாது.

'நன்' நமக்குக் கூடுதலாகக் குழப்பம் தருவதற்குக் காரணம் உண்டு. 'ஒரு மூட்டையும் காயவில்லை', 'மூட்டைகள் காயவில்லை' என்ற இரண்டிலும் வினை மாறாமல் நிற்கிறது; 'இல்லை' என்று முடியும்போது ஒருமையா பன்மையா என்று தமிழ் நம்மைக் கேட்பதே இல்லை, ஆங்கிலம் கேட்கிறது. 'நன்' என்றால் 'ஒன்றுகூட இல்லை' என்று பொருள், ஆகவே ஒருமை மட்டுமே சரி என்று பள்ளியில் பலரும் படித்திருப்போம். ஆனால் அதை ஒருமை என்று மட்டுமே கொள்வது தவறு என்று ஆங்கில நடைக்குப் பெயர்பெற்ற ஃபௌலர் 1926லேயே எழுதிவிட்டார். மிளகு போல எண்ண முடியாத பொருளானால் 'நன் ஆஃப் த பெப்பர் இஸ் டிரை' என்று ஒருமை மட்டுமே வரும். மூட்டை போல எண்ணக்கூடியதானால் 'நன் ஆஃப் த பேக்ஸ் ஆர் டிரை' என்பதும் சரி, 'இஸ்' என்பதும் சரி. வியாபாரக் கடிதத்தில் எனக்கு 'ஆர்' இயல்பாகப் படுகிறது. தேர்வு எழுதும் உங்கள் மகள் மட்டும் 'இஸ்' என்றே எழுதட்டும். திருத்துவோரில் சிலர் இன்னும் பழைய விதியை விடவில்லை.

'ஆல்', 'சம்', 'மோஸ்ட்' ஆகியவற்றில் மட்டும் 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் வரும் பெயரைப் பார்த்தே வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 'ஆல் ஆஃப் த காஃபி இஸ் சோல்ட்', 'ஆல் ஆஃப் த ஆரஞ்சஸ் ஆர் சோல்ட்'. 'போத்', 'மெனி', 'ஃபியூ' எப்போதும் பன்மை.

கேள்வி: 'எவ்ரிஒன்' ஒருமையானால், 'எவ்ரிஒன் ஹேஸ் பிராட் தேர் லஞ்ச்' என்பதில் 'தேர்' எப்படிப் பொருந்தும்?
– ஆசிரியை, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வினை ஒருமையிலும் பிரதிப்பெயர் 'தேர்' என்றும் வருவது பல நூற்றாண்டுகளாக ஆங்கிலத்தில் உள்ள வழக்கம். ஆணா பெண்ணா என்று தெரியாத இடத்தில் 'ஹிஸ்' என்று எழுதுவது பெண்களை விட்டுவிடுகிறது, 'ஹிஸ் ஆர் ஹர்' என்பது இழுவையாக இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒருமைப் பொருளில் வரும் 'தே', 'தேர்' ஆகியவற்றை ஏற்றுப் பரிந்துரைத்திருக்கிறது. ஆகவே மாணவர் அவ்வாறு எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். 'எவ்ரிஒன் ஹேவ்' என்று எழுதினால் தாராளமாகக் குறையுங்கள்.