சர்ஜரி முடிஞ்சு எப்போ கிளாஸுக்கு போகலாம்? வாசகர் கேள்விகளும் அக்காவோட பதில்களும்

இந்த இதழுக்கு எடுத்த கேள்வி எல்லாமே ஒரே விஷயத்தை சுத்தி இருக்கு, பாலின உறுதிப்பாட்டு சர்ஜரியும் படிப்பும். அதனால ஒண்ணா சேர்த்தே பதில் சொல்றேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், உங்க சர்ஜன் சொன்னதும் நான் சொல்றதும் வேற மாதிரி இருந்தா சர்ஜன் சொல்றதையே கேளுங்க, உங்க உடம்பை பார்த்தது அவங்கதான்.

கேள்வி: அக்கா, நான் திருநங்கை, காலேஜ் ரெண்டாவது வருஷம். செமஸ்டர் லீவு ஆரம்பிச்ச மறுநாளே வஜைனோபிளாஸ்டிக்கு (யோனி அமைக்கற சர்ஜரி) தேதி கிடைச்சிருக்கு. லீவு அஞ்சு வாரம். ஆறாவது வாரம் எல்லா கிளாஸும், சாயந்தரம் எப்பவும் போற பார்ட் டைம் வேலையும்னு பிளான் போட்டு வச்சிருக்கேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இது ஓவர்ங்கறாங்க. முடியுமா?

முதல்ல வாழ்த்துக்கள் தங்கம், தேதி கைக்கு வர்றதுக்கே எவ்ளோ காத்திருக்கணும்னு எனக்கு தெரியும், நானும் இதே சர்ஜரி பண்ணிக்கிட்டவதான்.

உன் பிளான்ல நீ பார்த்தது ஒண்ணே ஒண்ணுதான், ஆறாவது வாரம் காலேஜுக்கு நடந்து போக முடியுமான்னு. நிறைய பேரால முடியும். உக்கார்ந்து பாக்கற வேலைக்கு 6ல இருந்து 8 வாரத்துல திரும்பிடறாங்க. ஆனா அந்த வாரத்துல ஒரு நாள்ல படிப்புக்குன்னு உன் கையில எத்தனை மணி நேரம் மிஞ்சும்னு நீ கணக்கு போடவே இல்லையே.

டைலேஷனை எடுத்துக்கோ, அதாவது புதுசா அமைச்ச யோனி சுருங்காம இருக்க டைலேட்டர்ங்கற குச்சி மாதிரி கருவிய கொஞ்ச நேரம் உள்ள வச்சு எடுக்கறது. உள்ள அடைச்சு வச்சிருக்கற துணியும் (பேக்கிங்) யூரின் ட்யூபும் பெரும்பாலும் முதல் வாரம் முடியறப்போ எடுப்பாங்க, அதுக்கு அப்புறம் டைலேஷன் ஆரம்பிச்சிடும். முதல் 3 மாசம் ஒரு நாளைக்கு 3 தடவைன்னு நிறைய சர்ஜன் சொல்வாங்க, சிலர் 4 கூட சொல்வாங்க. டைலேட்டர் உள்ள இருக்கற நேரம் 10 நிமிஷத்துல இருந்து அரை மணி வரைக்கும் சர்ஜனை பொறுத்து மாறும். அது மட்டும்னா பரவால்ல, கை கழுவி, டைலேட்டரை ரெடி பண்ணி, லூப்ரிகன்ட் போட்டு, உடம்பு தளர்ற வரைக்கும் மூச்சு விட்டு காத்திருந்து, முடிச்சு, கழுவி, பேட் மாத்தி, டைலேட்டரை சோப்பு போட்டு சுத்தம் பண்ணி காய வைக்கணும். முக்கால் மணி நேரம் சர்வ சாதாரணமா ஓடிடும். ஒரு நாளைக்கு மூணு தடவைன்னா ரெண்டு மணி நேரத்துக்கு மேல இதுக்கே போகுது. எல்லா கிளாஸும் பார்ட் டைம் வேலையும் வச்சுக்கிட்டா முதல்ல அடி வாங்கறது மதியத்து டைலேஷன்தான், அப்புறம் தூக்கம். முதல் சில மாசத்துல டைலேஷனை விட்டா உள்ள இருக்கற திசு சீக்கிரமா சுருங்கும், இழந்த ஆழத்தை திரும்ப கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம். விட்ட பேப்பரை அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம், இதை அப்படி எழுத முடியாது.

அதனால டைம்டேபிள் போடறப்போ முதல்ல மூணு டைலேஷனையும் எழுது, அப்புறம் தூக்கம், சாப்பாடு, குளியல், கொஞ்சம் நடை. மிச்சம் இருக்கற இடத்துலதான் சப்ஜெக்ட். காலைல கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு, திரும்பி வந்த உடனே ஒண்ணு, படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணுன்னு வச்சா நடுவுல அஞ்சாறு மணி நேரம் கிடைக்கும், அதுக்குள்ள அடங்கற மாதிரி கிளாஸை எடு. காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் இழுக்கற நாளா இருந்தா பூட்டு போடற, பக்கத்துலயே பாத்ரூம் இருக்கற ரூம் ஒண்ணு காலேஜ்ல கிடைக்குமான்னு இப்பவே கேட்டு வை. அந்த செமஸ்டர்ல பாதி சப்ஜெக்ட் மட்டும் எடுக்க விட்டாங்கன்னா யோசிக்காம எடுத்துக்கோ. பார்ட் டைம் வேலைய 3 மாசத்துக்கு தள்ளி வை, அதுவும் நின்னுக்கிட்டே பாக்கற வேலை, மூட்டை தூக்கற வேலைன்னா கண்டிப்பா. கனமா எதையும் முதல் 6 வாரமாவது தூக்கக்கூடாது.

லீவுல படிச்சு முடிச்சிடலாம்னு ஒரு நினைப்பு இருக்கும். முதல் ரெண்டு வாரத்துக்கு எதுவும் வச்சுக்காத. மயக்க மருந்து, வலி மாத்திரை, அரைகுறை தூக்கம் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கத்தை நாலு தடவை படிச்சாலும் ஏறாது, அதை பார்த்து நமக்கு மூளையே போச்சோன்னு பயப்படவும் வேண்டாம், மாத்திரை குறைய குறைய தெளிஞ்சிடும். மூணாவது நாலாவது வாரத்துல படுத்துக்கிட்டே லெக்சர் ரெக்கார்டிங் கேக்கலாம். உக்கார்ந்து நோட்ஸ் எழுதறதுதான் அப்பவும் கஷ்டம், நேரா உக்கார்ந்தா வீக்கம் இருக்கற இடத்துலயே மொத்த பாரமும் விழும். நடுவுல ஓட்டை இருக்கற டோனட் தலையணை ஒண்ணு வாங்கிக்கோ, கிளாஸுக்கும் அதை எடுத்துட்டு போ, வெக்கப்படாத. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்துக்க வசதியா கடைசி வரிசை ஓரத்துல உக்காரு.

டைலேஷன் பண்ணிக்கிட்டே படிக்கலாமான்னு நிறைய பொண்ணுங்க கேப்பாங்க. ஆரம்பத்துல வேண்டாம்னுதான் சொல்வேன். பரீட்சை டென்ஷன் இருந்தா இடுப்புத்தள தசை தானா இறுகும், டைலேட்டர் உள்ள போகாது, வலிக்கும், அடுத்த தடவை அந்த வலிய நெனச்சே இன்னும் இறுகும். பழகற வரைக்கும் பாட்டோ கதையோ கேளு. சில மாசம் கழிச்சு தடவை குறையும், ஒரு நாளைக்கு ஒண்ணு, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணுன்னு ஆகும், அப்போ ஒரு பாடம் கேட்டுக்கிட்டே கூட முடிச்சிடலாம்.

அஞ்சாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் நடுவுல நீ ஒரு நாள் கூட சும்மா விடலை பாரு, அதுதான் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு. தையல் ஒரு இடத்துல லேசா விட்டுப்போறது, உள்ள சிவப்பா அதிகப்படி சதை வளர்ந்து கொஞ்சம் ரத்தம் கசியறது இதெல்லாம் அடிக்கடி நடக்கறதுதான், பெரும்பாலும் சரியாகிடும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் சர்ஜனை போய் பாக்கணும், அந்த நாள் கிளாஸ் போச்சு. சர்ஜரி தேதியே தள்ளிப்போறதும் உண்டு, அந்த இடத்துல முன்னாடி பண்ண வேண்டிய முடி நீக்கற சிகிச்சையே பல மாசம் இழுக்கும், அது முடியலைன்னா சில சர்ஜன் தேதிய மாத்திடுவாங்க. அதனால பிராஜெக்ட் சமர்ப்பிக்கற நாள், இன்டர்ன்ஷிப் எதையும் ஆறாவது வாரத்துல ஒட்டி வைக்காத.

இன்னொரு விஷயம், ஆழம் இல்லாம வெளிப்பகுதி மட்டும் அமைக்கற சர்ஜரியும் இருக்கு, அதுல டைலேஷனே கிடையாது, ஆற வேண்டிய காலமும் லேசா இருக்கும். படிப்புக்காக அதை எடுன்னு சொல்லலை, அது முழுக்க உன் உடம்பு உன் விருப்பம். அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சே முடிவு எடுக்கணும்ல.

கிளாஸா பரீட்சையான்னு பாக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போன்னா, 101 டிகிரிக்கு மேல ஜுரம், ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுசா நனையற ரத்தப்போக்கு, யூரின் வராம அடைச்சுக்கறது, நாத்தம் அடிக்கற சீழ், ஒரு கால் மட்டும் ஆடுதசையில வீங்கி வலிக்கறது, மூச்சு திணறல், நெஞ்சு வலி. கடைசி மூணும் ரத்தக்கட்டியா இருக்கலாம், ஒரு நிமிஷம் கூட காத்திருக்காத.

கேள்வி: வணக்கம்க்கா, நான் திருநம்பி. டாப் சர்ஜரி (மார்பை தட்டையாக்கற சர்ஜரி) முடிஞ்சு சரியா மூணாவது வாரம் பரீட்சை. எழுதிடலாமா? ஹாஸ்டல்ல எனக்கு மேல் பங்க் பெட்.

எழுதலாம் தம்பி. முழங்கையை உடம்போட ஒட்டி வச்சு எழுதறது, லேப்டாப்ல தட்டறது எல்லாம் முதல் ரெண்டு வாரத்துலயே நிறைய பேருக்கு வந்துடும். தேங்கற நீரை வெளிய எடுக்கற குழாய் (டிரெயின்) போட்டிருந்தா அதையும் பெரும்பாலும் ஒரு வாரம் கிட்ட எடுத்துடுவாங்க. ஆனா மூணு மணி நேரம் விடாம எழுதறது வேற, தோளும் நெஞ்சும் சேர்ந்து இழுக்கும், நெஞ்சை அழுத்தி பிடிக்கற உள்ளாடை (கம்ப்ரெஷன் வெஸ்ட்) வேற இறுக்கமா இருக்கும். நடுவுல எழுந்து நிக்க இடைவேளையும் கூடுதல் நேரமும் கேட்டு முன்னாடியே எழுத்துல வாங்கி வச்சுக்கோ, ஹால்ல போய் நின்னு கேட்டா யாரும் தர மாட்டாங்க.

எனக்கு பரீட்சைய விட அந்த மேல் பங்க்தான் பயமா இருக்கு. கம்பிய பிடிச்சு உடம்பை மேல இழுத்து ஏறறதுதான் அப்போ நீ செய்யவே கூடாத வேலை. கைய தோளுக்கு மேல தூக்கறது, 4, 5 கிலோவுக்கு மேல தூக்கறது ரெண்டும் 4ல இருந்து 6 வாரம் வரைக்கும் கூடாதுன்னு சொல்வாங்க, தையல் இழுபட்டா தழும்பு அகலமாகும். சர்ஜரிக்கு முன்னாடியே கீழ் பெட்டுக்கு மாத்திக்கோ, கொஞ்ச நாள் தலைப்பக்கம் உயர்த்தி மல்லாக்கதான் படுக்கணும், அதுக்கும் அதுதான் வசதி. அலமாரி மேல் தட்டுல இருக்கற புக், சார்ஜர், துணி எல்லாத்தையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வச்சிட்டு போ. சட்டை முன்னாடி பட்டன் போடறதா இருக்கட்டும். புக் பை தோள்ல வேண்டாம், அன்னைக்கு தேவையான ஒரு நோட்டை மட்டும் கையில எடுத்துட்டு போ, மத்ததை ஃப்ரெண்ட் தூக்கட்டும். முதல் சில நாள்ல ஒரு பக்கம் மட்டும் திடீர்னு உப்பி இறுகிச்சுன்னா உள்ள ரத்தம் தேங்குதுன்னு அர்த்தமா இருக்கலாம், ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் ஃபோன் பண்ணிடு.

கேள்வி: என் மகளுக்கு ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் ஆகுது. இதுக்காக எத்தனையோ வருஷம் ஏங்கினவ, இப்போ தினமும் அழறா, புக்கை தொடவே இல்ல. தப்பு பண்ணிட்டமோன்னு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

அம்மா, உங்க கடிதத்தை படிச்சதும் எனக்கு முதல்ல தோணினது, உங்கள மாதிரி ஒருத்தங்க பக்கத்துல இருக்கறது அந்த பொண்ணுக்கு எவ்ளோ பெரிய பலம்னுதான். இந்த அழுகை நிறைய பேருக்கு வரும்மா. பெரிய ஆபரேஷன் எதுவா இருந்தாலும் வரும். மயக்க மருந்தும் வலி மாத்திரையும் உடம்பை விட்டு இறங்கற நேரம், வலி, ராத்திரி தூக்கம் கிடையாது, பாத்ரூம் போகக்கூட அடுத்தவங்க துணை வேணும். சில பேருக்கு ஆபரேஷனுக்காக ஹார்மோன் மாத்திரைய நிறுத்தி வச்சிருப்பாங்க, அதுவும் மனசை ஆட்டும், எப்போ திரும்ப ஆரம்பிக்கலாம்னு சர்ஜன்கிட்ட கேட்டீங்களான்னு பாருங்க. இதுல கண்ணாடில பாத்தா வீக்கமும் கன்னிப்போன நிறமும்தான் தெரியும். வீக்கம் முக்கால்வாசி வடியவே 6, 8 வாரம் ஆகும், முழு வடிவம் வர ஒரு வருஷம் கூட ஆகும். இப்போ தெரியறதை வச்சு அவளும் முடிவு பண்ணக்கூடாது, நீங்களும் பண்ணக்கூடாது.

"இதுக்கா பண்ணிக்கிட்ட, வருத்தப்படறியா"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, உங்களுக்காக அழுகைய மறைச்சுடுவா. புக்கை பத்தி இன்னும் கொஞ்ச நாள் பேச வேண்டாம். பாக்க வர்ற கூட்டத்தை வாசல்லயே நிறுத்துங்க, டைலேஷன் நேரத்துல யாரும் கதவை தட்டாம பாத்துக்கோங்க, சாயந்தரம் கைய பிடிச்சு வீட்டுக்குள்ளயே கொஞ்சம் நடக்க வைங்க. கொஞ்சம் கொஞ்சமா தெளியணும், தெளியாம இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே போச்சுன்னாலோ, சாப்பாட்டையும் டைலேஷனையும் ஒதுக்க ஆரம்பிச்சாலோ மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. வாழவே பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை வந்தாலும் அன்னைக்கே போகணும், தனியா விடாதீங்க.

கேள்வி: மெடிக்கல் லீவ் லெட்டர்ல என்ன சர்ஜரின்னு எழுதியே ஆகணுமா?

உங்க காலேஜ் விதி என்ன கேக்குதுன்னு முதல்ல படிங்க. பல இடத்துல "ஒரு அறுவை சிகிச்சை, இந்த தேதில இருந்து இந்த தேதி வரைக்கும் ஓய்வு"ன்னு இருந்தாலே போதும். சர்ஜன்கிட்ட சர்ஜரி பேரை விட உங்களால எது முடியாதுங்கறதை தெளிவா எழுதித்தர சொல்லுங்க: கனம் தூக்கக்கூடாது, ரொம்ப நேரம் உக்காரக்கூடாது, நடுவுல இடைவேளை வேணும், மறு பரிசோதனைக்கு போகணும்னு. காலேஜுக்கு உபயோகப்படறது அதுதான். லீவு முடியற தேதிய நீட்டிக்க வேண்டி வரலாம்னும் ஒரு வரி சேர்த்துடுங்க. முழு விஷயமும் தெரிஞ்சவங்க ஒருத்தராவது காலேஜ்ல இருந்தா நல்லது, திடீர்னு முடியாம போனா யாரை கூப்பிடறதுன்னு யோசிக்க வேண்டி இருக்காது.

கேள்வி: பரீட்சை டென்ஷன்ல ஒரு நாளைக்கு ரெண்டு சிகரெட். சர்ஜரிக்கு ரெண்டு மாசம் இருக்கு. எப்போ நிறுத்தணும்?

இன்னைக்கே. நிக்கோட்டின் ரத்தக்குழாயை சுருக்கும், புதுசா தைச்ச தோலுக்கு ரத்தம் போகலைன்னா அது செத்துப்போகும். குறைஞ்சது 4ல இருந்து 6 வாரம் முன்னாடியும், முடிஞ்சு அதே அளவும் தொடக்கூடாதுன்னு சர்ஜன்கள் கேப்பாங்க, சிலர் டெஸ்ட் எடுத்து பார்த்து தேதிய ரத்து பண்ணவும் செய்வாங்க. இ-சிகரெட்டும் (வேப்) இந்த கணக்குலதான் வரும். பேட்ச், சூயிங் கம் போட்டு நிறுத்தலாமான்னா அதுலயும் நிக்கோட்டின் இருக்கு, அதனால உன் சர்ஜன் அதுக்கு எந்த தேதி வரைக்கும் விடுவாங்கன்னு இந்த வாரமே ஃபோன் பண்ணி கேட்டுடு.